வயரா, வயர்லெஸ்ஸா? கொங்கு நாட்டு வீடுகளுக்கான பாதுகாப்புக் கருவி வழிகாட்டி

2024 நவம்பர் இறுதியில் பல்லடத்தை அடுத்த சேமலைகவுண்டன்பாளையத்துத் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேரும், 2025 ஏப்ரல் இறுதியில் ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பகுதியில் தோட்டத்தில் தனித்து வசித்த முதிய தம்பதியும் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு, தாய் தந்தையைத் தோட்டத்தில் விட்டுவிட்டுக் கோவையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் பாதுகாப்புக் கருவி வேண்டுமா என்று யோசிப்பதில்லை. எதைப் பொருத்துவது என்றுதான் கேட்கிறார்கள். கடைக்காரர் ஒருவர் வயர் இழுப்பதே நல்லது என்பார். இன்னொருவர் ஒரு மணி நேரத்தில் வயர்லெஸ் மாட்டித் தருவதாகச் சொல்வார். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. வீடு முழுவதற்கும் ஒரே விடை தேடுவதை விட்டுவிட்டு, கேட், வாசல், கொல்லை, மாட்டுக் கட்டுத்தறி, மோட்டார் ரூம் என ஒவ்வோர் இடத்திற்கும் தனித்தனியாக முடிவெடுப்பதே சரியான முறை. இடம் மாறாத கருவிக்கு வயர், வயர் போக வழியே இல்லாத இடத்திற்கு வயர்லெஸ் என்பது என் கருத்து. அதை எப்படி முடிவு செய்வது என்பதைக் கீழே படிப்படியாகத் தருகிறேன்.

முதற்படி: வீட்டையும் தடத்தையும் அளந்து வரைதல்

கடைக்குப் போவதற்கு முன்பு ஒரு தாளில் வீட்டின் வரைபடத்தைக் கையாலேயே வரைந்துகொள்ளுங்கள். வெள்ளகோவில் பக்கத்துத் தோட்டம் ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். தார்ச்சாலையில் கேட், அங்கிருந்து இரண்டு பக்கமும் கிளுவை வேலி கட்டிய இட்டேரியில் 250 மீட்டர் உள்ளே வந்தால் வாசல், முன்னால் ஆசாரம், வீட்டிற்குப் பின்னால் 40 மீட்டர் தள்ளிக் கட்டுத்தறி, கிழக்கே தென்னந்தோப்புக்கு நடுவே கிணறும் மோட்டார் ரூமும். இந்த ஒவ்வோர் இடத்திற்கும் பக்கத்தில் மூன்று விவரங்களை எழுதுங்கள்: வீட்டிலிருந்து எத்தனை மீட்டர், இடையில் எத்தனை சுவர் அல்லது எவ்வளவு மரம், அங்கே மின் இணைப்பு இருக்கிறதா இல்லையா. பிறகு, திருடன் எந்த வழியாக வருவான் என்பதைப் பகலில் அல்லாமல் இரவில் வீட்டைச் சுற்றி நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பகலில் கண்ணில் படாத பின்கதவும், குளியலறை ஜன்னலும், மதில்மேல் சாய்ந்த கொய்யாக் கிளையும் அப்போதுதான் கண்ணில் படும்.

நகரத்து வீட்டிற்கு இந்த வேலை எளிது. பீளமேட்டிலோ திருப்பூர் அவிநாசி சாலைப் பக்கத்திலோ உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் காக்க வேண்டியது பெரும்பாலும் ஒரு முன்கதவும் ஒரு பால்கனியும் மட்டுமே.

இரண்டாம்படி: ஒவ்வொரு கருவிக்கும் தேவையான மூன்றைப் பிரித்துப் பார்த்தல்

எந்தப் பாதுகாப்புக் கருவிக்கும் மின்சாரம் வேண்டும், படமோ எச்சரிக்கையோ செல்ல ஒரு வழி வேண்டும், பதிவு தங்க ஓர் இடம் வேண்டும். வைஃபை கேமராவில் வயர் தேவைப்படாதது இரண்டாவதற்கு மட்டுமே. மின்சாரத்துக்காக அதற்கும் சுவரில் ஒரு பிளக் தேவை. பிளக் வரைக்கும் வயர் இழுக்கத்தான் வேண்டுமென்றால், அதற்குப் பதிலாக கேட் 6 (Cat 6) எனப்படும் ஒரே நெட்வொர்க் கேபிளில் படத்தையும் மின்சாரத்தையும் சேர்த்து அனுப்பும் பி.ஓ.இ. முறை ஏன் கூடாது என்று கேட்டுப் பாருங்கள். பேட்டரியும் சோலார் பலகையும் கொண்ட கேமராவுக்கு உண்மையிலேயே எந்த வயரும் தேவையில்லை. ஆனால் பேட்டரியைச் சேமிப்பதற்காக அது பெரும்பாலான நேரம் உறங்கிக்கொண்டிருந்து, அசைவு தெரிந்த பிறகே விழித்துப் பதிவு செய்யும். யாராவது வேகமாகக் கடந்து போனால், பதிவில் முகம் இராது, முதுகுதான் இருக்கும். ஆகவே தோட்டத்தின் ஓரத்திற்கு அது பொருந்தும். முன்கதவுக்கு அதை மட்டுமே நம்பக்கூடாது.

மூன்றாம்படி: தூரத்தையும் சுவரையும் கணக்கில் கொள்ளுதல்

வயரின் எல்லை தெளிவானது. கேட் 6 கேபிளில் ஒரே ஓட்டத்தில் 100 மீட்டர் வரை போகலாம். அதற்கு மேல் போக இடையில் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் (கேபிள்களை இணைக்கும் பெட்டி) வேண்டும். 2003இல் வந்த பி.ஓ.இ. தரம் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தருகிறது. சாதாரண கேமராவுக்கு அது தாராளம். டி.வி.ஆர். என்னும் பதிவுப் பெட்டியோடு கேமராவை இணைக்கும் முறையில், அதாவது கடைக்காரர்கள் 3+1 கேபிள் என்று சொல்லும் வயரில், படம் 100 மீட்டரைத் தாண்டியும் நன்றாகவே போகும். சிக்கல் 12 வோல்ட் மின்சாரத்தில்தான். நீண்ட மெல்லிய கம்பியில் வோல்டேஜ் குறைந்துவிடுவதால், பகலெல்லாம் ஒழுங்காக ஓடிய கேமரா, இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியதும் அணைந்து அணைந்து வரும். கேமரா கெட்டுவிட்டது என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கோளாறு கம்பியில் இருக்கும்.

கேபிளின் தரத்தை வாங்கும் இடத்திலேயே சோதிக்கலாம். ஒரு துண்டை வெட்டி, உள்ளே இருக்கும் கம்பியை பிளேடால் மெல்லச் சுரண்டுங்கள். சுரண்டச் சுரண்டச் செம்பு நிறமே வந்தால் அது முழுச் செம்பு. மேல்பூச்சு போய் வெள்ளை நிறம் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதில் மின்தடை அதிகம், நாலைந்து முறை மடக்கினால் முறியும், பி.ஓ.இ. முறைக்கு அது ஆகாது. கேமராவைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். சுவருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் போன கேபிளை மாற்றுவது பெரும்பாடு. ஆகவே பணத்தை மிச்சப்படுத்தக் கூடாத இடம் இதுதான்.

வயர்லெஸ்ஸின் எல்லை அவ்வளவு தெளிவானது அல்ல. பெட்டியில் அச்சிட்டிருக்கும் தூரம் திறந்த வெளிக்கு உரியது. பழைய தொட்டிக்கட்டு வீடுகளில் ஒன்றரை அடிக் கனமுள்ள சுவர்கள் இரண்டைத் தாண்டினாலே வைஃபை சோர்ந்துவிடும். தகர ஷீட்டும் ரோலிங் ஷட்டரும் அதை அப்படியே திருப்பி அனுப்பும். பயிரும் தடைதான்: நீர் நிறைந்த இலை ரேடியோ அலையை உறிஞ்சிக்கொள்வதால், வாழை நட்ட மாதத்தில் கட்டுத்தறி வரைக்கும் தெளிவாக எட்டிய வைஃபை, தார் தள்ளும் காலத்தில் பாதி வழியிலேயே நின்றுவிடலாம். கரும்புக்கும் இதுவே பொருந்தும். இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரை ஓரளவு ஊடுருவும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் தளர்ந்துவிடும். கேமரா மாட்டப்போகும் இடத்தில் கைபேசியை அதே உயரத்தில் பிடித்து, எல்லாக் கதவுகளையும் சாத்திவிட்டு, சிக்னல் அளக்கும் செயலி ஒன்றில் பாருங்கள். சிக்னலின் வலிமை மைனஸ் 65 டிபிஎம் அல்லது அதைவிட நன்றாக, அதாவது பூஜ்யத்துக்கு இன்னும் அருகில், இருந்தால் நம்பலாம். மைனஸ் 75ஐ நெருங்கினால் அந்த இடத்தில் வைஃபை கேமரா வேண்டாம்.

நம் எடுத்துக்காட்டில் வரும் 250 மீட்டர் தூரத்துக் கேட்டுக்குச் சாதாரண வைஃபையும் எட்டாது, கேட் 6 கேபிளும் எட்டாது. அங்கே இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, கண்ணாடி இழைக் (ஃபைபர்) கேபிள். மற்றொன்று, மாடியில் ஒன்றும் கேட் தூணில் ஒன்றுமாக எதிரெதிரே பார்க்கும்படி வைக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்புப் பெட்டிகள். நடுவே தென்னை மட்டை மறைக்காமல் நேர்ப்பார்வை இருந்தால் இவை ஒரு கிலோமீட்டருக்கும் மேல் போகும். இரண்டு வழியிலும் கேட்டில் மின்சாரம் இருக்க வேண்டும்.

நான்காம்படி: மின்வெட்டும் இடியும்

கொங்கு நாட்டில் இதை நான் முதன்மையான படியாகக் கருதுகிறேன், ஏனெனில் இங்கே கருவிகள் திருடனிடம் தோற்பதைவிடச் சித்திரைக் கோடைமழையிடமும் ஐப்பசி மழையிடமும் தோற்பது அதிகம். நேரடியாக இடி விழ வேண்டியதே இல்லை. பக்கத்துத் தோட்டத்துத் தென்னையில் விழுந்தாலே போதும், நிலத்தில் நீளமாகக் கிடக்கும் செம்புக் கம்பியில் எழும் மின்னழுத்தம் கேமராவையும் ஸ்விட்சையும் என்.வி.ஆர். என்னும் பதிவுப் பெட்டியையும் ஒருசேரக் கருக்கிவிடும். வயர் முறையின் உண்மையான பலவீனம் இதுவே. அதற்கான தீர்வும் தெளிவானது: ஒரே கட்டடத்திற்குள் செம்புக் கம்பி, கட்டடத்திற்குக் கட்டடம் கண்ணாடி இழை. இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் மேலே கட்டி இழுக்கும் இழைக் கேபிளில் தாங்குவதற்கென ஓர் இரும்புக் கம்பி இருக்கும். அதை வீட்டுச் சுவருக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்திவிட்டு, இழையை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். இதோடு மெயின் பெட்டியில் திடீர் மின்னழுத்த உயர்வைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பும், கோடையில் தண்ணீர் ஊற்றிப் பராமரிக்கப்படும் நல்ல எர்த்தும் இருந்தால் சேதம் பெருமளவு குறையும். வைஃபை கேமரா இடிக்குத் தப்பும் என்பது முழு உண்மை அல்ல. அதன் அடாப்டர் வழியாகவும் அழுத்தம் வரும், ஆனால் அந்த ஒரு கேமராவோடு போய்விடும்.

மின்வெட்டுக் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். நான்கு பி.ஓ.இ. கேமராக்கள், ஒரு என்.வி.ஆர்., ஸ்விட்ச், இணையப் பெட்டி எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 60 வாட் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-மணி பேட்டரியில், இழப்பெல்லாம் போக 1,000 வாட்-மணிக்குச் சற்றே அதிகமாகக் கிடைக்கும் என்று கொண்டால், இவற்றை மட்டும் 17 மணி நேரமாவது ஓட்டலாம். இரண்டு மின்விசிறிகளும் விளக்குகளும் அதே பேட்டரியில் சேர்ந்துவிட்டால் ஐந்து மணி நேரத்தில் எல்லாம் அணைந்துவிடும். ஆகவே பாதுகாப்புக் கருவிகளுக்கெனத் தனியாக ஒரு சிறிய யு.பி.எஸ். வையுங்கள். வயர் முறையில் எல்லாக் கேமராக்களுக்கும் மின்சாரம் ஒரே இடத்திலிருந்து போவதால் ஒரு யு.பி.எஸ். போதும்; வைஃபை கேமராக்கள் ஆளுக்கொரு பிளக்கில் தொங்குவதால், அந்தப் பிளக்குகள் எல்லாம் இன்வெர்ட்டர் லைனில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒருவர் வெளியில் இருக்கும் மெயினை இறக்கிவிட்டால் எத்தனை கேமராக்கள் உயிரோடு இருக்கும் என்பதை நீங்களே இறக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பாசனத்துக்கான இலவச மின் இணைப்பிலிருந்து இவற்றுக்கு மின்சாரம் எடுக்கக் கூடாது. அது விதிமீறல், வோல்டேஜும் மோட்டார் ஓடும்போதெல்லாம் ஏறி இறங்கும்.

ஐந்தாம்படி: எச்சரிக்கை மணியைத் தேர்தல்

கேமரா நடந்ததைக் காட்டும். நடப்பதைத் தடுக்கும் வாய்ப்பு எச்சரிக்கை மணிக்குத்தான் அதிகம். எனினும் பலர் எட்டுக் கேமரா வைத்துவிட்டு ஒரு சைரன்கூட வைப்பதில்லை. முதியவர்கள் தனியாக இருக்கும் தோட்டத்து வீடாக இருந்தால், கேமராவில் இரண்டைக் குறைத்தாவது சைரனையும் அவசரப் பட்டனையும் வாங்குங்கள் என்பதே என் அழுத்தமான வேண்டுகோள்.

கதவிலும் ஜன்னலிலும் வைக்கும் காந்த சென்சாரிலும், ஆள் நடமாட்டத்தின் வெப்பத்தை உணரும் பி.ஐ.ஆர். சென்சாரிலும் வயர் வகை, வயர்லெஸ் வகை இரண்டும் உண்டு. வயர் சென்சார் ஒரு மூடிய மின்சுற்றாக வேலை செய்கிறது. கதவு திறந்தாலும் சுற்று அறும், கம்பியை யாராவது வெட்டினாலும் சுற்று அறும், இரண்டிலும் மணி அடிக்கும். சுற்றின் கடைசியில், சென்சாருக்குள்ளேயே, ஒரு சிறு ரெசிஸ்டர் வைத்தால், கம்பியின் இரு முனைகளை முறுக்கி ஏமாற்றும் வேலையையும் பேனல், அதாவது எல்லா சென்சாரும் இணையும் மையப் பெட்டி, கண்டுபிடித்துவிடும். வேலை செய்பவர் அந்த ரெசிஸ்டரைப் பேனல் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயர்லெஸ் சென்சார்களில் தரத்திற்குத் தரம் வேறுபாடு மிகப் பெரிது. நல்லவை, தாம் உயிரோடு இருப்பதைக் குறித்த இடைவெளியில் பேனலுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால் பேனல் உங்களுக்குத் தெரிவிக்கும். மலிவானவை கதவு திறக்கும்போது மட்டும் ஒருமுறை பேசும்; பேட்டரி தீர்ந்து செத்துக் கிடந்தாலும் பேனலுக்குத் தெரியாது. கடையிலேயே ஒரு சென்சாரின் பேட்டரியைக் கழற்றச் சொல்லி, எவ்வளவு நேரத்தில் பேனல் அதைக் காட்டிக்கொடுக்கிறது என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் அந்தப் பொருள் வேண்டாம். ஒரே குறியீட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பும் பழைய வகை ரிமோட்டுகளையும் தவிர்த்து, ஒவ்வொரு முறையும் குறியீடு மாறும் வகையைக் கேளுங்கள். ஜாமர் வைத்து அலையை அடக்குவது சட்டப்படி குற்றம். ஆனாலும் திருடுபவன் அதற்கு அஞ்சமாட்டான் என்பதால், அலைவரிசை அடைபட்டால் எச்சரிக்கும் பேனலே நல்லது.

ஓர் இடத்தில் வயர்லெஸ் ஐயமின்றி மேலானது: அம்மாவின் கழுத்திலோ அப்பாவின் சட்டைப் பையிலோ இருக்கும் அவசரப் பட்டன். கட்டுத்தறியில் பால் கறந்துகொண்டிருக்கும்போது ஆபத்து வந்தால் சுவரில் இருக்கும் சுவிட்ச் உதவாது. அந்தப் பட்டன் கட்டுத்தறியிலிருந்தும் கிணற்று மேட்டிலிருந்தும் எட்டுகிறதா என்று அழுத்திப் பார்த்தே வாங்குங்கள். படுக்கைக்குப் பக்கத்தில் வயரில் இன்னொன்று இருக்கட்டும்.

வெளிப்புறத்தில் பி.ஐ.ஆர். வைப்பவர்கள் மயிலை மறந்துவிடக் கூடாது. காங்கேயம், தாராபுரம் பக்கம் காலையில் வாசலுக்கே வரும் மயில்களும், அவிழ்ந்துவிட்ட ஆடும், வீட்டு நாயும் மணியை அடிக்கடி எழுப்பினால், ஒரு வாரத்தில் வீட்டார் அதை அணைத்துவிடுவார்கள். வெளியில் இரட்டை உணரி உள்ள, இரண்டும் சேர்ந்து உணர்ந்தால் மட்டும் மணி அடிக்கும் வகையையே வையுங்கள். இல்லையேல் வெளிப்புறத்தைக் கேமராவுக்கு விட்டுவிட்டுக் கதவு ஜன்னல்களுக்கு மட்டும் சென்சார் வைப்பது மேல்.

ஆறாம்படி: பதிவு எங்கே தங்கும்?

டி.வி.ஆர். பெட்டியையே திருடன் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்ற செய்தியை நாளிதழ்களில் அடிக்கடி பார்க்கிறோம். டி.வி. பக்கத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தால் அதுதான் நடக்கும். காற்றோட்டமுள்ள பரண் அல்லது பூட்டிய அலமாரி வேண்டும். முன்வாசல் கேமராவுக்குள் தனியாக ஒரு மெமரி கார்டும் போட்டுவிடுங்கள். நொடிக்கு 2 மெகாபிட் அளவில் நான்கு கேமராக்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 86 ஜிபி எழுதும். 1 டிபி வட்டு 11 நாளில் நிறைந்து பழையதை அழிக்கத் தொடங்கும். பாதயாத்திரையாகப் பழனிக்குப் போய்விட்டு உறவினர் வீட்டிலும் தங்கித் திரும்பும் குடும்பத்திற்கு 2 டிபி பாதுகாப்பானது.

ஏழாம்படி: செய்தி வெளியே போகும் வழி

பிராட்பேண்ட் இருந்தால் அதுவே முதல் வழி. ஆனால் அந்தக் கேபிள் கம்பத்திலிருந்து வருவதால் யாரும் வெட்டலாம். ஆகவே எச்சரிக்கைப் பேனலுக்குச் சிம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். ஆபத்தில் தானாகவே கைபேசி எண்களை அழைக்கும் பழைய வகை ஆட்டோ டயலர்கள் 2ஜியில் மட்டுமே வேலை செய்யும். ஜியோவில் 2ஜி சேவை கிடையாது என்பதால் அந்தச் சிம் அவற்றில் ஓடாது. புதிதாக வாங்குபவர்கள் 4ஜி பேனலையே வாங்குவது நல்லது.

தனித்து நிற்கும் 4ஜி சோலார் கேமராவை வாங்கி, அதைக் கைபேசியில் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். நொடிக்கு 2 மெகாபிட் என்றால் மணிக்கு 900 எம்பி, நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் திட்டம் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. அவ்வகைக் கேமரா பதிவைத் தன் கார்டில் வைத்துக்கொண்டு, அசைவு தெரியும்போது மட்டும் செய்தி அனுப்பும்படி அமைக்க வேண்டும்.

செய்தி யாருக்குப் போக வேண்டும் என்பதும் இந்தப் படியைச் சேர்ந்ததே. பெங்களூரில் இருக்கும் மகனுக்கு மட்டும் போனால், அவர் அங்கிருந்து இன்னொருவரைக் கூப்பிட்டு எழுப்ப வேண்டியிருக்கும். பேனலில் முதல் எண்ணாகப் பக்கத்துத் தோட்டத்துக்காரரையும், இரண்டாவதாக ஊருக்குள் இருக்கும் பங்காளி அல்லது மச்சானையும் போட்டு, அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். 100, 112 ஆகிய எண்களையும் உள்ளூர்க் காவல் நிலைய எண்ணையும் வீட்டில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

எட்டாம்படி: வீட்டின் வகைப்படி முடிவெடுத்தல்

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாது. காலி செய்யும்போது எடுத்துப் போகவும் வேண்டும். அங்கே வயர்லெஸ் பேனலும் ஒரு வைஃபை கேமராவும் போதும். புதிதாகக் கட்டுபவர்கள் பூச்சு வேலைக்கு முன்பே, மின் வயர் போகும் பைப்பிலிருந்து விலக்கி, கேட் 6 கேபிளுக்கெனத் தனிப் பைப் போட்டுவிட வேண்டும். கேமரா இரண்டு வருடம் கழித்து வாங்கினாலும் பைப் இப்போதே இருக்கட்டும். ஓட்டு வீட்டிலும் தொட்டிக்கட்டு வீட்டிலும் சுவரை உடைக்காமல், தாழ்வார விட்டத்தை ஒட்டிப் பி.வி.சி. பைப்பில் வயரைக் கொண்டுபோகலாம். வெறும் கேபிளாக விட்டால் அணிலும் எலியும் கடித்துவிடும்.

தோட்டத்து வீட்டிற்கு என் பரிந்துரை கலப்பு முறை. வீட்டைச் சுற்றி நான்கு கேமராக்கள் கேட் 6 வயரில், கேட்டுக்கு இழை அல்லது நேர்ப்பார்வை இணைப்பு, மோட்டார் ரூமுக்கு 4ஜி சோலார் கேமரா, கதவு ஜன்னல்களுக்கு வயரோ, தன்னிருப்பைத் தெரிவிக்கும் தரமான வயர்லெஸ்ஸோ, பட்டன் வயர்லெஸ், சைரன் மாடியில், கை எட்டாத உயரத்தில்.

ஒன்பதாம்படி: வாங்கும்போதும் பொருத்திய பிறகும்

இணையத்தோடு இணையும் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கி மத்திய அரசு 2024 ஏப்ரலில் வெளியிட்ட விதி 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. எனவே பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய இருப்பைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட இடம் கொடுக்காதீர்கள். செயலிக் கணக்கைப் பொருத்துபவரின் கைபேசி எண்ணில் அல்லாமல் உங்கள் எண்ணில் தொடங்கச் சொல்லி, அவர் போன அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். கேபிள் எந்த வழியாகப் போகிறது, எங்கே இணைப்பு இருக்கிறது என்பதை முதற்படியில் வரைந்த தாளிலேயே குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அகச்சிவப்பு விளக்கின் மெல்லிய சூட்டையும் அதைத் தேடி வரும் பூச்சிகளையும் நாடி, கேமராக் கண்ணாடிக்கு முன்னால் சிலந்தி வலை பின்னும். இரவில் அந்த ஒற்றை நூல் விளக்கொளி பட்டு வெள்ளைக் கயிறு போலத் திரையை மறைத்து ஆடும். அது ஆடும்போதெல்லாம் கைபேசிக்கு எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். மாதம் ஒருமுறை நீண்ட குச்சியில் துணி கட்டித் துடைத்தால் போதும். அதே நாளில் மெயினை இறக்கி யு.பி.எஸ். தாங்குகிறதா என்றும், பட்டனை அழுத்திப் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு அழைப்பு போகிறதா என்றும், மூன்று நாளுக்கு முந்தைய இரவுப் பதிவு ஓடுகிறதா என்றும் சோதியுங்கள். குலதெய்வக் கோயில் நோம்பிக்கு வீட்டைப் பூட்டிப் போவதற்கு இரண்டு நாள் முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிட்டால், ஏதேனும் பழுது தெரிந்தாலும் ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்ய நேரம் இருக்கும்.